விளம்பரத் தொழிலில் வாலிபரின் முதற்படிகள்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் கமத்தொழிலைப் பற்றியும் அறிஞர்கள் பேசிய இம்மேடையிலே எமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் சிலருக்கு இலேசானதாகத் தோன்றலாம். விளம்பரத் தொழிலின் ஆக்கப்பகுதியிலே புதிதாக நுழையும் வாலிபர் எதைக் காண்கிறார், எதைக் கற்கிறார், எதிலே இடறக்கூடும் என்பதே அவ்விஷயம். சென்ற நீண்ட விடுமுறையிலே பல்கலைக்கழக மாணவர் மூவர் கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்தின் தமிழ்ப் பகுதியிற் பயிலுநராக இருந்து வந்தோம். அதனாலேயே செயலாளர் அவர்கள் எம்மை அழைத்தார்கள். மூவருக்குமாக ஒருவர் பேசுகிறபடியால், 'நாம்' என்று நாம் சொல்லும்போது அதை அகந்தை என்று கொள்ளாமல் ஆட்தொகை பற்றியது என்றே கொள்ளவேண்டுகிறோம்.

இத்தொழிலைப் பற்றிப் பெரியோர்களுக்கு இரண்டு ஐயங்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். எமது வீடுகளிலும் அவற்றைக் கேட்டிருக்கிறோம். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பது முதலாவது. நல்ல பொருள் தானாகவே விலைப்படும், விலைப்படாத பொருளுக்கே கூச்சல் வேண்டும் என்பது அதன் கருத்து. பொய் கலவாமல் இத்தொழிலைச் செய்யமுடியுமா என்பது இரண்டாவது.

முதல் ஐயத்துக்கு விடை சொல்வது இலகு. பூவுக்கு மணம் உண்டு. காற்று அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். துவிச்சக்கரவண்டியின் டயருக்கு அப்படி ஒரு மணம் கிடையாது. நுளம்பு பெருகும் நீரைத் தேங்கவிடாதீர்கள் என்ற சுகாதார அறிவித்தலுக்கும் மணம் கிடையாது. இரத்ததானத்துக்கு நாள் குறித்துச் சந்தியிலே ஒட்டப்படும் சுவரொட்டியும் விளம்பரந்தான். சொல்லாமல் எவருக்கும் தெரியவராத நன்மைகள் உலகத்திற் பல உள. இரண்டாவது ஐயம் அத்தனை இலகுவானதன்று. இத்தொழிலுக்குள் இளமையிலே புகுந்தவர்களின் கதைகளைப் பார்த்தபின் அதற்கு வருவோம்.

முதலில் அந்த வீட்டின் உள்ளமைப்பை இரண்டு வார்த்தையிற் சொல்லிவிடுகிறோம். ஒரு விளம்பர நிறுவனத்திலே பொருளை விற்கும் கம்பனிகளோடு பேசி வேலையைக் கொண்டுவருவோர் ஒரு சாரார். பத்திரிகையில் இடமும் வானொலி தொலைக்காட்சியில் நேரமும் வாங்குவோர் இன்னொரு சாரார். இவர்களுக்கு நடுவே, என்ன சொல்வது, எப்படிக் காட்டுவது என்று யோசிப்பவர்களே ஆக்கப்பகுதியினர். இப்பகுதியில் வாசகம் எழுதுவோரும் படம் அமைப்போரும் உண்டு. முற்காலத்தில் வாசகம் எழுதியவர் கடதாசியை ஓவியரின் அறைக்கு அனுப்பிவிட்டுத் தம் வேலை முடிந்தது என்று இருப்பார். 1949ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் வில்லியம் பேர்ன்பக் என்பவர் கூட்டாளிகளுடன் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, எழுதுபவரையும் வரைபவரையும் ஒரே மேசையில் இருத்தினார். வொக்ஸ்வாகன் என்ற சிறிய மோட்டார் வண்டிக்கு 1959இல் வெளிவந்து பெரும் புகழடைந்த விளம்பரங்கள் அத்தகைய கூட்டு முயற்சியின் பலன். ஜூலியன் கோனிக் எழுதினார். ஹெல்முட் குரோன் வரைந்து அமைத்தார். இன்று உலகெங்கும் நடப்பது இந்த முறையே.

இனி, இளமையில் இத்துறையிலே கால்வைத்த மூவரைப் பார்ப்போம். ஒருவர் விற்றுப் பழகியவர், ஒருவர் வரைந்து பழகியவர், ஒருவர் பேசிப் பழகியவர்.

விற்றுப் பழகியவர் டேவிட் ஒகில்வி. இங்கிலாந்திலே 1911இற் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசிலோடு போய், 1931இலே பட்டம் பெறாமல் வெளியேறினார். பட்டம் பெறாத பிள்ளையை எமது ஊர்கள் எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கும் பெரிய வேறுபாடு இருந்திராது. பாரிஸ் நகரிலே மஜெஸ்டிக் என்ற பெரிய ஹோட்டலின் சமையலறையில் வேலைக்கு அமர்ந்தார். பின் ஸ்கொட்லாந்துக்கு வந்து 'ஆகா' என்னும் பெயருடைய இரும்பு அடுப்பை வீடுவீடாகக் கதவு தட்டி விற்றார். வீட்டுக்காரர் வாங்கினாலும் அடுப்போடு மல்லுக்கட்டப்போவது சமையற்காரரே. சமையலறையிலே வெந்துவந்த ஒகில்விக்கு அவர்களோடு அவர்கள் பாஷையிலே பேசத் தெரிந்திருந்தது.

அந்த அநுபவத்தை வைத்து 1935ஆம் ஆண்டிலே, தம் 24ஆவது வயதளவில், ஏனைய விற்பனையாளர்களுக்கு ஒரு கைந்நூல் எழுதினார். பல்லாண்டுகளின் பின் அமெரிக்காவின் 'ஃபோர்ச்சூன்' சஞ்சிகை அதனை இத்துறையின் மிகச் சிறந்த கைந்நூல் என்று பாராட்டிற்று. அவருடைய தமையனார் இலண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தார். அந்தக் கைந்நூலே தம்பிக்கு அங்கே பயிலுநர் இடத்தைப் பெற்றுக்கொடுத்தது. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, பொதுமக்கள் அபிப்பிராயத்தைக் கணித்துச் சொல்வதிலே பேர்பெற்ற ஜோர்ஜ் கலப்பிடம் வேலைசெய்தார். மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கேட்டறியாமல் ஊகிக்கக்கூடாது என்ற பாடம் அங்கே கிடைத்தது. 1948இல் நியூயோர்க்கிலே தம் நிறுவனத்தைத் தொடங்கும்வரை அவர் கற்றதிற் பெரும்பகுதி இப்படியான வெளிவேலைகளிலேயே.

1958இல் ரோல்ஸ் ரோய்ஸ் மோட்டார் வண்டிக்கு அவர் எழுதிய விளம்பரம் இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. அதை எழுதுமுன் மூன்று வாரம் அந்த வண்டியைப் பற்றி வாசித்துக்கொண்டே இருந்தாராம். வண்டி வேகமாக ஓடும்போதும் உள்ளே பெரிதாகக் கேட்பது அதன் மணிக்கூட்டின் ஓசையே என்ற செய்தியை வாசித்தவற்றிலே கண்டெடுத்தார். அதுவே தலைப்பாயிற்று. 'உலகத்திலே ஒப்பற்றது' என்று எழுத ஒரு நிமிடம் போதும். உள்ளதைத் தேடி எடுத்து எழுத மூன்று வாரம் வேண்டியிருக்கிறது.

வரைந்து பழகியவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் வேறொரு துறையிலே அறிவீர்கள். அவர் கல்கத்தாவின் சத்யஜித் ரே. 1921இற் பிறந்தவர். பாட்டனார் உபேந்திரகிஷோர் அச்சுக்கலையிலே பெயர்பெற்றவர். 1913இலே 'சந்தேஷ்' என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கியவர். தகப்பனார் சுகுமார் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிப் படமும் வரைந்தவர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே காலமாகிவிட்டார். ரே கல்கத்தாவின் பிரெசிடென்சி கல்லூரியிலே பொருளியல் படித்துப் பட்டம் பெற்றபின், சாந்திநிகேதனத்திலே நந்தலால் போஸ் முதலியோரிடம் சித்திரம் பயின்றார். முழுப் பயிற்சியும் முடியுமுன் அங்கிருந்து வந்துவிட்டார்.

1943ஆம் ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் வாட்டிய ஆண்டு. அவ்வாண்டிலே டி. ஜே. கீமர் என்ற பிரித்தானிய விளம்பர நிறுவனத்தின் கல்கத்தாக் கிளையில், விளம்பரத்தின் தோற்றத்தை முதலிற் கோடாக வரைந்து காட்டும் இளநிலைப் பதவியொன்றில் ரே சேர்ந்தார். சம்பளம் மாதம் 80 ரூபா. அக்கந்தோரிலே ஆங்கிலேயருக்குக் கூடிய சம்பளமும் இந்தியருக்குக் குறைந்த சம்பளமும் இருந்தமையால் இரு பகுதியினருக்குமிடையே மனக்கசப்பு இருந்தது. அதற்கிடையிலே அவர் தேயிலைக்கும் பிஸ்கற்றுக்கும் மருந்துக்கும் படம் அமைத்துக்கொண்டிருந்தார் என்றாற் பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆயினும் அந்த மேசையிலிருந்து அவர் பெற்றுக்கொண்டவற்றை எண்ணிப்பாருங்கள். அதே நிறுவனத்திலிருந்த டி. கே. குப்தா 'சிக்னெட்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, நூல்களுக்கு அட்டைப்படம் அமைக்கும் வேலையை ரேயிடம் ஒப்படைத்தார். ஜவாஹர்லால் நேருவின் 'இந்தியாவைக் கண்டறிதல்' நூலின் 1946ஆம் ஆண்டுப் பதிப்புக்கும், ஜீவனானந்த தாசின் கவிதை நூல்களுக்கும் அட்டை அமைத்தவர் அவரே. வங்காள எழுத்தின் வளைவு நெளிவுகளைத் தூரிகையாற் பழகிப் பழகிப் புதிய வடிவங்கள் உண்டாக்கினார். பிற்காலத்தில் ஆங்கில எழுத்துக்கும் அவர் அமைத்த ஓர் அச்செழுத்து 'ரே ரோமன்' என்ற அவர் பெயரோடே வழங்கலாயிற்று. சிக்னெட் பதிப்பகத்துக்காக விபூதிபூஷண் பந்தியோபாத்தியாயரின் 'பாதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே அக்கதை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. 1947இற் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைச் சிதானந்த தாஸ்குப்தா முதலியோரோடு தொடங்கினார். 1950இலே நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கிருந்த மாதங்களில் ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்தார். இத்தாலியப் படமாகிய 'சைக்கிள் திருடர்கள்' அவற்றுள் ஒன்று. வீதியிலே, சாதாரண மனிதரை வைத்து, நல்ல படம் எடுக்கலாம் என்ற துணிவு அவருக்கு அதனால் வந்தது.

1952 ஒக்டோபரிலே படப்பிடிப்பைத் தொடங்கியவர் வேலையை விடவில்லை. ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் படம் பிடித்தார். காசு தீர்ந்தபோது பல மாதங்கள் வேலை நின்றது. மனைவியாரின் நகைகளும் அடகுக்குப் போயின. ஈற்றில் மேற்கு வங்காள அரசாங்கத்தின் பணத்தோடு படம் நிறைவேறி 1955இலே கல்கத்தாவில் வெளியாயிற்று. 1956இற் கான் விழாவிலே பரிசு பெற்றது. விளம்பரத் தொழிலைத் தாண்டிப்போன மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தம் படங்களின் சுவரொட்டிகளைத் தாமே வரைந்தார்; ஒவ்வொரு காட்சியையும் படம்பிடிக்குமுன் கொப்பியிலே கோடாக வரைந்து பார்த்தார். கீமர் கந்தோரின் மேசைப் பழக்கம் அவர் கையைவிட்டுப் போகவேயில்லை.

பேசிப் பழகியவர் பம்பாயின் அமீன் சயானி. இவருடைய கதை எமது நாட்டோடு நேரே தொடர்புடையது. இரண்டாம் உலக யுத்தகாலத்துத் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் வானொலிக்காக இங்கே நிறுவப்பட்ட சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி யுத்தத்தின் பின் இலங்கைக்குக் கிடைத்தது. 1950இலே இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கிற்று. அகில இந்திய வானொலி 1967வரை விளம்பரம் ஏற்கவில்லை. 1952இன் பின் திரைப்படப் பாட்டுக்களையும் அங்கே பெரிதும் குறைத்துவிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பிற்று. தமிழிலே எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரல் பாக்குநீரிணையின் இரு கரையிலும் வீட்டுக் குரலாயிற்று என்பதைப் பெரியோர்கள் நினைவுகூருவார்கள்.

1952 டிசெம்பரிலே 'பினாக்கா' என்ற பற்பசைக்காக வாரம் ஒருமுறை திரைப்பாடல் நிகழ்ச்சி ஒன்று தொடங்கப்பட்டது. பம்பாயிலே ஒலிப்பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பி, இங்கிருந்து ஒலிபரப்பினார்கள். இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த சயானியிடம் அது ஒப்படைக்கப்பட்டது. எழுதுவதும் பேசுவதும் வந்து குவியும் கடிதங்களைப் பார்ப்பதும் எல்லாம் அவர் வேலை. கூலி வாரம் 25 ரூபா என்று அவரே பிற்காலத்திற் சொல்லியிருக்கிறார். தொடங்கிய சில காலத்திலேயே கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன.

அதன் இரகசியம் யாது? அவருடைய தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுத்தறிந்த முதியோருக்காக 'ரஹ்பர்' என்ற சிறு சஞ்சிகையை நடத்தியவர். அதிலே உதவிசெய்து வளர்ந்த மகன், நேற்று எழுதப் படித்தவருக்கும் விளங்குகிற எளிய நடை எது என்பதைச் சிறுவயதிலேயே கற்றார். வானொலியில் அந்த நடையிலேயே பேசினார். 'சகோதரிகளே, சகோதரர்களே' என்று பெண்களை முன்வைத்து அழைத்தார். 2024ஆம் ஆண்டிலே அவர் காலமானபோது, பற்பசையின் பெயரை மறந்தவர்கள்கூட அந்த அழைப்பை மறக்கவில்லை.

இம்மூவரின் கதைகளையும் சேர்த்துப் பார்க்கையில் எமக்கு ஒன்று தெரிகிறது. ஒகில்விக்கு சமையற்காரர், ரேக்குப் புத்தகம் வாசிக்கும் சிறுவர், சயானிக்கு நேற்று எழுத்தறிந்த முதியவர். யாரிடம் பேசுகிறோம் என்பதை மூவரும் தொழிலின் முதற்படியிலேயே கண்டுகொண்டார்கள். அந்த மனிதரைத் தமக்குக் கீழானவர் என்று எண்ணாமல் மதித்தார்கள். இத்தொழிலின் உயிர் அந்த மதிப்பே என்பது எமது துணிபு.

இனி எமது சொந்த அநுபவத்துக்கு வருவோம். நாம் மூவரும் மிஷன் கல்லூரிகளிலே படித்தவர்கள். ஆங்கிலமும் ஓரளவு வரும், தமிழும் வரும் என்பதனால் எம்மை எடுத்தார்கள். எமக்குக் கிடைத்த முதல் வேலை ஆங்கில வாசகத்தைத் தமிழாக்குவது. படம் ஏற்கனவே அமைக்கப்பட்டுவிடும். ஆங்கிலத்துக்கு இடம் விடப்பட்டிருக்கும். அந்த அளவான இடத்திலே தமிழைப் புகுத்தவேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது, இடம் போதாது, எழுத்தைச் சிறுப்பிப்பார்கள். வானொலியிலே 30 விநாடிக்கு எழுதிய ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கினால் 40 விநாடி வரும். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் ஓடவேண்டியதுதான். தமிழ் கடைசியாக வந்து சேரும் விருந்தாளிபோல, மிஞ்சிய இடத்திலே மிஞ்சிய நேரத்திலே உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் ஒரு காப்புறுதிக் கம்பனியின் விளம்பரம் எம்மிடம் வந்தது. வாடிக்கையாளருக்காக வேண்டியதற்கு மேலாகவும் உழைப்போம் என்பதைச் சொல்ல ஆங்கிலத்திலே ஒரு மரபுத்தொடர் உண்டு. அதனைக் கணினி மொழிபெயர்த்து, 'உங்களுக்காக மேலதிக மைல் செல்வோம்' என்று தந்திருந்தது. இந்த நாட்டிலே மைல் போய்க் கிலோமீற்றர் வந்து எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன என்பது ஒருபுறமிருக்க, தமிழிலே அதற்கு ஒரு பொருளும் இல்லை. நாம் வேறு சொல் தேடாமல், கம்பனி உண்மையிலே என்ன செய்கிறது என்று கேட்டோம். விபத்து நேர்ந்தால் பத்திரங்களை நிரப்புவதற்கு உத்தியோகத்தர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். 'நீங்கள் கந்தோருக்கு அலையவேண்டாம். நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்' என்று எழுதினோம். ஏற்றுக்கொள்ளப்பட்டது. பக்கத்து மேசையிலிருந்த சிங்கள வாசக எழுத்தாளர் எமது வரியின் பொருளைக் கேட்டறிந்து, தாமும் ஆங்கிலத்தை ஒருபுறம் வைத்துவிட்டுச் சிங்களத்திலே புதிதாக எழுதினார். அவருக்கும் அதே கஷ்டந்தான் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது.

அதன்பின் மத்தியான வேளைகளிலே புறக்கோட்டைக்குப் போய்க் கடைகளின் முன் நிற்பதை வழக்கமாக்கினோம். எழுத்திலே சவர்க்காரம் என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தவர் சவுக்காரம் என்று கேட்கிறார். மலையகத்தவர் சோப்பு என்று கேட்கிறார். விலையை முதலிற் கேட்பவர் யார், பெயரை முதலிற் சொல்பவர் யார், 'போனமுறை வாங்கினதே தாருங்கள்' என்பவர் யார் என்று கவனித்தோம். மேசையிலே கிடைக்காத பாடம் அங்கே இனாமாகக் கிடைத்தது.

புதியவருக்கு விழும் இன்னொரு வேலை, அச்சுக்குப் போகுமுன் எழுத்துக்களைச் சரிபார்ப்பது. கணினியிலே எழுத்துரு மாறும்போது ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்துவிடும். வரி எங்கே முறியவேண்டும் என்பது தமிழ் தெரியாத ஓவியருக்குப் புலப்படாது. வீதியோரப் பலகைகளிலும் பேருந்துகளிலும் சிதைந்த தமிழை நாம் எல்லோரும் கண்டு வருந்துகிறோம். அந்தச் சிதைவு பெரும்பாலும் பகைமையினால் வருவதன்று. இரவு ஒன்பது மணிக்கு, அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியைப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் அங்கே இல்லாமையால் வருவது. அந்த இடத்திலே இருப்பது மிகச் சிறிய உத்தியோகமாக இருக்கலாம். ஆனால் ஒரு நகரம் முழுவதும் வாசிக்கப்போகும் தமிழ் அந்த ஒருவர் கையிலே இருக்கிறது. கணினியே இனி மொழிபெயர்க்குமே, தமிழ் ஆள் எதற்கு என்று கேட்கும் முகாமையாளர்களும் உண்டு. மேலதிக மைலை அவர்களுக்கு விடையாகச் சொல்லலாம்.

இனி, பொய்யைப் பற்றிய அந்த இரண்டாவது ஐயம். விடுமுறையின் இறுதி வாரங்களிலே, தோலை வெண்மையாக்கும் பூச்சு ஒன்றுக்கு வாசகம் எழுதும்படி எம்மிடம் சொன்னார்கள். கறுத்த நிறமுள்ள பெண்ணொருத்தி நேர்முகப் பரீட்சையிலே தோற்று, பூச்சைப் பூசியபின் உத்தியோகம் பெறுவதாகக் கதை. எம் மூவரில் எவருடைய வீட்டிலும் அந்தப் பெண்ணின் நிறத்திலே ஒரு தாயோ சகோதரியோ உண்டு. அந்த வரியை எழுத எமக்குக் கை வரவில்லை. மேலதிகாரியிடம் போய், இதிலிருந்து எம்மை விலக்கிவிட வேண்டும் என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. இத்தனை ஆண்டில் இதற்கு முன்னும் ஒருவர் இப்படிக் கேட்டார் என்று மட்டும் சொல்லி, வேலையை இன்னொருவரிடம் கொடுத்தார். விளம்பரம் வெளிவந்தது. எமது மறுப்பினால் உலகம் திருந்திவிடவில்லை.

ஆயினும் அது வீண் என்று நாம் நினைக்கவில்லை. 2020ஆம் ஆண்டிலே, உபகண்டம் முழுவதும் விற்பனையாகும் பேர்பெற்ற பூச்சு ஒன்று, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்தே நீக்கிக்கொண்டது. பல ஆண்டுகளாகப் பலர் எழுப்பிய கண்டனத்தின் பயன் அது. பெயர் மாறியது, பொருள் மாறவில்லையே என்று குறைசொல்வாரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு சொல்லாவது அசைந்தது என்பதை நாம் கணக்கில் எடுக்கிறோம்.

ஆகையால், பொய் இல்லாமல் இத்தொழிலைச் செய்யமுடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் கடினம் என்பதே எமது விடை. உண்மையைத் தேட மூன்று வாரம் வேண்டும்; பொய்க்கு ஒரு நிமிடம் போதும்; சம்பளமோ இரண்டுக்கும் ஒன்றே. இந்தச் சோதனை விளம்பரக்காரருக்கு மட்டுமா? நியாயவாதிக்கும் வைத்தியருக்கும் வியாபாரிக்கும் ஆசிரியருக்கும் இது உண்டு அன்றோ?

இத்துறையை நாட விரும்பும் தம்பி தங்கையருக்கு நாம் கண்ட அளவிலே மூன்று வார்த்தை சொல்கிறோம். முதலாவது, முதலிரண்டு ஆண்டுகளிற் கிடைக்கும் சில்லறை வேலைகளை வெறுக்காதீர்கள். கதவு தட்டுவதும் கோடு வரைவதும் கடிதம் பிரிப்பதும் எத்தகைய பள்ளிக்கூடங்களாயின என்பதைக் கேட்டீர்கள். இரண்டாவது, தமிழிலே யோசித்துத் தமிழிலே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளராக உங்களை அமர்த்தினாலும், எழுத்தாளராக உங்களை நீங்களே உயர்த்திக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போய்க் கேளுங்கள், பழைய இலக்கியத்தையும் வாசியுங்கள், இரண்டும் வேண்டும். மூன்றாவது, எந்த வரிக்குக் கை வராது என்பதை வேலைக்குச் சேருமுன்பே உங்கள் மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியிலே, வீட்டு வாடகை நினைவிலிருக்கும்போது, அதைத் தீர்மானிப்பது சிரமம்.

பெரியோர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வரவேண்டும் என்று நீங்கள் விரும்புவது நியாயமே. சித்திரமும் சொல்லும் நன்றாக வரும் பிள்ளை ஒன்று வீட்டிலே இருந்தால், அது சோறுபோடாத கலை என்று தள்ளிவிடாதீர்கள். அப்பிள்ளையை இத்துறைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் நேர்மையையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். நேர்மையுள்ள பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ளும் தொழில், நேர்மையில்லாதவர் கையிலேதான் போய்ச்சேரும். எமது ஊர்ச் சந்திகளிலே நிற்கும் பலகைகளில் எமது மொழி எப்படி நிற்கவேண்டும், எமது சகோதரிகளைப் பற்றி அவை என்ன சொல்லவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் வேறு எவரோ தீர்மானிப்பர்.